பிரகாரத்துக் கல் சுடவில்லை

திருநெல்வேலி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் என் வலது கால். பயப்படாதே, புண் ஆறிவிட்டது.

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தேன். உச்சி வெயில். வெளிப்பிரகாரத்தில் வெள்ளை பெயின்ட் பட்டையை விட்டு இறங்கியவர்கள் எல்லாம் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள். நான் மட்டும் கருங்கல்லில் நிதானமாக நடந்து வந்தேனாம். "ஆச்சி, உனக்குச் சுடலையா?" என்றான். "பழகின கால்டா" என்று பெருமையடித்துக்கொண்டேன். ராத்திரி பாதத்தில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. அதையும் நான் பார்க்கவில்லை. தரையில் ஈரத்தடம் கிடக்கிறதே என்று மருமகள்தான் கண்டுபிடித்தாள்.

சர்க்கரை டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடுகிற மாதிரி ஒரு நைலான் இழை வைத்திருக்கிறார். அதால் பாதத்தில் தொடும்போதெல்லாம் நான் 'ம்' சொல்ல வேண்டும். காத்துக்கொண்டே இருந்தேன். "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் முடித்தே விட்டிருந்தார்.

கை நன்றாகத்தானே இருக்கிறது, பூக்கூடக் கட்டுகிறேனே என்றேன். இடுப்புப் பக்கத்திலிருந்து கால்விரல் வரை போகிற நரம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். நீளமானதைத்தான் சர்க்கரை முதலில் கெடுக்குமாம். விரலில் தொடங்கி, காலுறையை இழுத்துவிடுகிற மாதிரி மரத்துப்போவது மேலே ஏறும் என்றார்.

இப்போது எனக்கும் பேரனுக்கும் இதே விளையாட்டுதான். ஹேர்பின்னை விரித்து இரண்டு முனையாலும் தொட்டால், ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே தெரிந்துவிடுகிறது. முதுகில் கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் விரித்தாலும் "ஒண்ணுதான் ஆச்சி" என்கிறான். ஜெர்மனியில் வேபர் என்பவர் 1834-லேயே காம்பஸ் வைத்து இதை அளந்து எழுதிவிட்டார். நீ துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தே பாலியெஸ்டர் கலப்பு என்று கடைக்காரரோடு சண்டை போடுவாயே, அந்தச் சாமர்த்தியமெல்லாம் விரல் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதால்தான். முதுகை வைத்துப் புடவை வாங்க முடியாது!

அப்புறம், ஹாஸ்டலில் மிளகாய் நறுக்கிவிட்டுக் கையைத் தொட்டித் தண்ணீரில் விட்டுக்கொண்டு அழுதாயே, நினைவிருக்கிறதா? நரம்பு முனையில் சுமார் 43 டிகிரி சூட்டுக்குத் திறக்கிற ஒரு புரதம் மிளகாய்க் காரத்துக்கும் திறக்கிறதாம். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். என் காலில் அது திறந்தாலும் சேதி மேலே வந்து சேர்வதில்லை.

டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொன்னார், மெத்தென்ற நுரை ரப்பர். அதன் கதை வேலூருக்குப் போகிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் அங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல் தானாகவே அழுகி உதிர்கிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். அவர் ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று துருவிக் கேட்டார். சூடான பாத்திரம், செருப்பில் ஏறிய ஆணி, இறுக்கிப் பிடித்த சாவி. வலிக்காததால் யாரும் கையையோ காலையோ எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நோயாளிகளின் பாதத்துக்காக உருவான ரப்பரைத்தான் நான் இப்போது போட்டுக்கொண்டு நடக்கிறேன். முழங்கால் வலியை இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தவள் நான்.

போன கடிதத்தில் நீ 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி சொகுசா இருக்குடி' என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அன்றைக்குச் சிரித்தேன். நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். உனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம் இருக்குமே? இந்த வாரமே போய்க் காலைக் காட்டு, இழை வைத்துப் பார்க்கச் சொல்.

நான் இனி விடியற்காலையில்தான் கோயிலுக்கு, அதுவும் காலுறையோடு. மருமகனுக்கு மாற்றல் கிடைத்ததா? எழுது.

அன்புடன்,
கோமதி