உப்பு பார்த்த பேராசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையின் 'காலமானார்' பகுதியில் எங்கள் வேதியியல் பேராசிரியரைப் பற்றி நாலு வரி வந்திருந்தது. வயது, ஓய்வுபெற்றவர், மனைவி, இரண்டு மகள்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வேலூரில் அவரிடம் படித்த எங்களுக்கு அது போதவில்லை.

சாரின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். சில்வர் நைட்ரேட் பட்டு வெளிச்சத்தில் ஏறிய கறை, சோப்பு போட்டால் போகாது, தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் போகும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார் என்று அம்மா (அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம்) புலம்புவார். கல்லூரி ஆய்வகத்தில் வந்த கறை பாதிதான். ஞாயிற்றுக்கிழமை காலையானால் ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் பக்கத்து ஆட்கள் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். சோதனைக்குழாயில் கொஞ்சம் ஊற்றி இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவார். சுமாரான தண்ணீர் என்றால் லேசாக மங்கும், உப்பேறிய கிணறு என்றால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். வந்தவர் முகமும் அதோடு இறங்கும். தோல் ஷாப்பை (தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) திட்ட ஆரம்பித்தால், "உப்பு இருக்குன்னு இது சொல்லும்ங்க, யார் போட்ட உப்புன்னு சொல்லாது" என்று நிறுத்திவிட்டு, பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவுவதையும், அதைக் கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்பதையும், ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் போய் குரோமியம் வந்த கதையையும் பொறுமையாகச் சொல்வார். எங்கள் வகுப்பில் பல பேருடைய அப்பாவுக்குத் தோல் ஷாப்பில்தான் வேலை. அது அவருக்கு மறந்ததே இல்லை.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வடஆற்காடு அம்பேத்கர் (எங்கள் வேலூர் மாவட்டத்தின் அப்போதைய பெயர்) உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகளுக்கு, மாசுபடுத்தியதற்காகத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டபோது நாங்கள் வகுப்பில் கைதட்டினோம். "கிணறு எப்போ இனிக்கும்னு கேளுங்கப்பா" என்றவர், சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டு பக்கம் திரும்பிவிட்டார்.

வீட்டில் அவர் வேறு ஆள். ஞாயிறு மதியச் சமையல் அவருடையது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்கி வந்து அவரே முள் சீவி எண்ணெயில் வதக்குவார். ஆனால் வாரமெல்லாம் உப்பு அளந்தவருக்குக் குழம்பில் உப்பு பார்க்க வராது, கரண்டியோடு அம்மாவைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார். மகள்கள் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றைக்கும், அழுகைக்கு நடுவில் சிரித்தார்கள்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் திண்ணைக் கணக்கெல்லாம் ஊர், கிணறு, தேதி, அளவு என்று அவர் கையெழுத்தில் நோட்டு நோட்டாக ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. பழைய பேப்பர்காரர் ஏற்கெனவே ஒருமுறை விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வைத்துப் பாதுகாக்க முன்வரும் கல்லூரியோ நூலகமோ இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதச் சொல்லுங்கள், பெட்டியை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
காட்பாடி