வருமானம் மட்டும் போதுமா?

ஐயா,

கென்யாவையும் தான்சானியாவையும் ஒப்பிட்ட தங்கள் கட்டுரை தனிநபர் வருமானத்தோடு நின்றுவிட்டது. அதில் கென்யா முந்துவது உண்மைதான். 2007-இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்தபின் வங்கிக் கணக்கே இல்லாதவரும் கைபேசியில் பணம் அனுப்புகிறார். ஆனால் அதே ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலைத் தொடர்ந்த இன மோதல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தான்சானியாவில் 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உண்டு. நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே சுவாஹிலி மொழியைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் பரப்பி அவர்களை ஒரு நாட்டவராக்கினார். கூட்டு வேளாண்மைக் கிராமங்களை அமைக்க முயன்ற அவருடைய உஜாமா திட்டம் (மக்களைக் கட்டாயப்படுத்திக் குடியேற்றியதையும் மறைக்க வேண்டாம்) வேளாண்மையைச் சீர்குலைத்தது வேறு கதை. 2025 அக்டோபர் தேர்தலின்போது அங்கும் ரத்தம் சிந்தியது. ஆனால் அந்தக் கோபம் அண்டை இனத்தார் மீதல்ல, அரசின் மீது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்