மாத்திரை விஷயம்

கண்ணு,

தென்னைக்கு உரம் வைத்தாயிற்று, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம். முதலாளியின் மதத்துக்கு ஆகாதாம், ஆபீஸ் இன்சூரன்ஸில் அந்தக் கருத்தடை மாத்திரை வராதாம் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று தீபாவளிப் பேச்சுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறாகப் போனே இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

ரவியை உட்காரவைத்து உங்கள் அமெரிக்கச் சட்டத்தைப் படிக்கச் சொன்னேன். ஒபாமா கொண்டுவந்த சட்டப்படி கருத்தடைக்கு இன்சூரன்ஸ் தனியாகக் காசு வாங்கக் கூடாதாம். ஹாபி லாபி கடைக்காரர்கள், கருத்தடை முறைகள் இருபதில் 4 எங்கள் நம்பிக்கைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டு 2014இல் சுப்ரீம் கோர்ட்டில் 5க்கு 4 என்று ஜெயித்தார்களாம், 2020இல் அதே கோர்ட், மதத்தைக் காட்டி விலகும் முதலாளிகளுக்கு வாசலை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டதாம். 2014 வழக்கில் எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் அம்மா, கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தின் விலை அடிமட்டக் கூலி வாங்குகிறவளுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடட்டும், ஆனால் இன்சூரன்ஸ் அவர் போடும் தர்மம் இல்லை, நீ உழைத்த கூலியில் ஒரு பங்கு. கூலியைக் கொடுத்தபிறகு அதில் என்ன வாங்குகிறாய் என்று கேட்க அவர் யார்?

இருபத்தாறு வருஷம் கிராம நர்ஸாக இருந்தேன். காப்பர்-டி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன், மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையைக் காசில்லாமல் கையில் கொடுத்து, 28 மாத்திரையில் கடைசி 7 இரும்புச்சத்து, அதையும் விடாமல் போடு என்று சொல்லியிருக்கிறேன். எந்த வீட்டுப் பெண்ணிடமும் எதற்கு என்று கேட்டதில்லை.

உன்னிடம் மட்டும் கேட்டேன். காலேஜ் இரண்டாம் வருஷம், அதிக உதிரப்போக்குக்கு டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கருத்தடை மாத்திரை அட்டை உன் பையில் இருந்தது. யாரோடு சுற்றுகிறாய் என்று கேட்டு அதை அடுப்பில் போட்டேன். டாக்டர் சீட்டை நீட்டினாய், நான் வாங்கிப் பார்க்கவே இல்லை. அந்தப் பொங்கலுக்கு உனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7தான் இருந்தது, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். எனக்குத் தெரியாத மாத்திரையா அது? ஊர் என்ன பேசுமோ என்ற பயம்தான். இத்தனை வருஷம் அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

தைரியமாக வளர்ந்தாய், அதில் எனக்குப் பெருமைதான், ஆனால் எதையும் சொல்லாமல் இருக்கிறாயே. மாசம் எவ்வளவு ஆகிறது என்று மட்டும் எழுது, பென்ஷனிலிருந்து அனுப்புகிறேன். ரத்தம் பரிசோதித்துக்கொள். மாத்திரையை நிறுத்தாதே கண்ணு. போன் தலைமாட்டில்தான் இருக்கிறது, எந்நேரமானாலும் கூப்பிடு.

அம்மா