குப்பைத்தொட்டி சொல்லும் அழகுக் குறிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மகளிர் பக்கத்தில், சுற்றுச்சூழலுக்கு உகந்த சருமப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோக்கம் நல்லதே. ஆயினும் அதில் பரிந்துரைக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை 50 ரிங்கிட்டுக்குக் குறையாத, இணையத்தில் வரவழைக்க வேண்டிய புதுக் குப்பிகள். பெஸ்தாரி ஜெயாவில், அதாவது எங்கள் பெரியவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் ஊரில், 16 ஆண்டுகளாகச் சிறிய அழகு நிலையம் நடத்தி வருகிறேன். எதை வாங்குகிறோம் என்பதைவிட எதை எறிகிறோம், எதைக் கழுவி விடுகிறோம் என்பதையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

இரவில் கடையை அடைக்கும்போது என் குப்பைத்தொட்டியை நிறைத்திருந்தவை, ஒப்பனையைத் துடைத்தெறிந்த ஈரத்தாள்கள். பார்ப்பதற்குக் காகிதம் போல இருந்தாலும் அவற்றுள் பலவற்றில் பாலியெஸ்டர் இழை கலந்திருப்பதால் அவை எளிதில் மட்குவதில்லை. இதை அறிந்தபின், பழைய பருத்தி வேட்டிகளைக் கைக்குட்டை அளவில் வெட்டி ஓரம் தைத்து, ஆளுக்கொன்றாகப் பயன்படுத்தி, கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்தத் தொடங்கினேன். கண் மையைக் கரைக்கச் சில துளி தேங்காய் எண்ணெய் போதும். பரு வரும் முகத்துக்கு மட்டும் அது ஆகாது. புருவம் திருத்த நூல் ஒன்றே போதும் என்பதால், அங்கே மாற்ற வேண்டியது எதுவுமில்லை.

மணப்பெண் அலங்காரத்தில்தான் எனக்கு மனம் உறுத்தியது. இமையிலும் கன்னத்திலும் தூவும் கிளிட்டர் பெரும்பாலும் உலோகப் பூச்சேற்றிப் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக் படலமே. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் கிளிட்டருக்குத் தடை விதித்தது; ஒப்பனைப் பொருள்களில் உள்ளதற்கு மட்டும் கால அவகாசம் தந்திருக்கிறது. எங்கள் கடைவரிசையின் கழிவுநீர் பின்சந்துக் கால்வாய் வழியே சிலாங்கூர் ஆற்றைச் சேர்கிறது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்போங் குவாந்தானில், மின்மினிகளைக் காண மக்கள் இரவில் படகேறுகிறார்கள். ஆகவே வற்புறுத்திக் கேட்டாலன்றி நான் கிளிட்டரைத் தொடுவதில்லை. நெற்றிச்சுட்டியிலும் பட்டுச் சரிகையிலும் இல்லாத மினுக்கமா அந்தத் தூளில் இருக்கிறது?

அதைவிடக் கவலை தருபவை, பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பெயர் தெரியாத டப்பாக்களில் விற்கப்படும் வெளுப்பாக்கும் கிரீம்கள். பாதரசம் கண்டறியப்பட்ட கிரீம்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிட்டு வருகிறது. பாதரசம் தோலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதோடு நிற்பதில்லை; முகம் கழுவிய நீரோடு சென்று சேற்றில் படிந்து, வேறு வடிவம் பெற்று மீனுக்குள் ஏறி, மீண்டும் நம் தட்டுக்கே வருகிறது. அமைச்சிடம் பதிவானதைக் காட்டும் அறிவிக்கை எண் உள்ளதா என்று பார்த்து வாங்கும்படி நான் சொன்னால், நிறத்தை நாடி வரும் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

கட்டுரையில் ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘பாமாயில் இல்லாதது’ என்று அச்சிட்ட சோப்பே பசுமையானது என்று எழுதியிருந்தீர்கள். என் தந்தை, பாமாயில் தரும் செம்பனை மரத்தின் குலை வெட்டி எங்களை வளர்த்தவர் என்பதற்காக நான் வாதாடவில்லை; காடழித்து நட்ட தோட்டங்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஹெக்டரில் செம்பனை சராசரியாக 3 டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. சோயாவோ அரை டன் அளவே தருகிறது. செம்பனையை விட்டு வேறு எண்ணெய்க்கு மாறினால் தேவைப்படும் கூடுதல் நிலத்திற்கு எந்தக் காட்டை வெட்டுவது? நம் நாட்டில் 2020 முதல் செம்பனைத் தோட்டங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள நிலைத்தன்மைச் சான்றிதழைப் பற்றியாவது ஒரு சொல் சேர்த்திருக்கலாம்.

வீட்டுக் குறிப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். பயத்தம் மாவும் வெந்தயமும் வாசலிலுள்ள செம்பருத்தி இலையும் நல்லவை. எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் நடந்தால் தோல் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன், குறைந்த குப்பையில் மணப்பெண் அலங்காரம் செய்வது பற்றி ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை வெட்டிக் கடைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைப்பேன். நான் சொன்னால் கேட்காத வாடிக்கையாளர்களும் பத்திரிகையில் வந்தது என்றால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
அழகு நிலைய உரிமையாளர் ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.