கூட்டாமல் விட்ட சருகுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் தோட்டப் பாடசாலையின் சுற்றாடல் கழகப் பிள்ளைகளைத் தை மாதக் குளிரில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் பறவை பார்க்க அழைத்து வந்தோம். அந்தக் காலைப் பொழுதுக்குக் கைகொடுத்தவர்களுக்கு இம்மடல். பெயர் போட்டு எழுத ஆசைதான். கேட்டபோது பாதிப்பேர் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

முதல் நன்றி துப்புரவு செய்யும் அக்காமாருக்கு. ரோசாப் பாத்திப் பக்கம் ஒரு சருகு கிடக்க விடாதவர்கள், ஓடைக்கரை மரத்தடியில் மட்டும் விளக்குமாற்றை வைப்பதில்லை. ஆறுமணிக்குருவிக்கு அந்த ஈரச் சருகுதான் சாப்பாட்டுத் தட்டு. அதைக் கிளறித்தான் புழு பூச்சி பிடிக்கிறது. கத்தாமல் உட்கார்ந்தால் அதுவாக வரும் என்றார் ஓர் அக்கா. வந்தது. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, பெயருக்கு ஒரு வால். அலகால் இலையைப் புரட்டி எறிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. அடுத்த இலைக்குத் தத்தியது. வகுப்பில் ஒரு நிமிடம் சும்மா இராத தரம் 6 பிள்ளைகள் வாயே திறக்கவில்லை.

வெளிநாட்டவரோடு வந்திருந்த வழிகாட்டித் தம்பிக்கும் நன்றி. தன் தொலைநோக்கியின் காலைப் பிள்ளைகளின் உயரத்துக்கு இறக்கி வைத்து, காஷ்மீர் ஈப்பிடிப்பானைக் காட்டினார். காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் மலைநாட்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வரும் சிறு பறவை அது. பணம் கட்டி வந்த தம்பதி முகம் கோணாமல் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் நன்றி. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி இலங்கை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்று தம்பி சொன்னதும், 'அது எங்கள் லயன் வீடுகளுக்குப் பின்னால் பேரிக்காய் கொத்துகிற குருவி ஆயிற்றே!' என்று ஒரு சிறுமி திகைத்துப் போனாள். தினமும் கல்லெறிந்து விரட்டுகிறார்களாம்.

விக்டோரியா மகாராணி ஆட்சியின் 60ஆம் ஆண்டு நினைவாக 1897இல் பெயர் பெற்ற பூங்கா இது. பூக்களுக்குப் பேர்போன இடம். ஆனால் விலையுயர்ந்த கமராவோடு வருகிறவர்கள் பூவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நகரத்துக் குப்பையும் சேர்ந்து வரும் அந்த ஓடையையே பார்த்து நிற்கிறார்கள். இமயமலையிலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி அங்கே பொலித்தீன் பைகளுக்கு நடுவே இரை தேடுவதைப் பிள்ளைகளும் பார்த்தார்கள். ஏன் என்று என்னிடம் கேட்டார்கள். குப்பை போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பாடசாலைக் கடிதத்தைப் பார்த்ததும் அலைக்கழிக்காமல் உள்ளே விட்ட டிக்கெட் கவுண்டர் அண்ணா, காலைப் பனியில் வளைவு வளைவாகப் பத்திரமாக ஓட்டி வந்த வான் சாரதி, இருட்டோடு எழுந்து ரொட்டியும் சம்பலும் கட்டித் தந்துவிட்டு, தோட்ட வேலைக்குக் காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு ஓடிய தாய்மார், எல்லோருக்கும் நன்றி.

அடுத்த தவணையில் எங்கள் பாடசாலைக்கு வந்து, எந்தக் குருவி எந்த மரத்தடிக்கு எப்போது வரும் என்று சொல்லித் தரும்படி அக்காமார் இருவரைக் கேட்டிருக்கிறோம். ஒருவர் சரி என்றார். மற்றவர் லீவு கிடைத்தால் வருவேன் என்கிறார். மேற்பார்வையாளர் ஐயா இதைப் படித்தால், தயவுசெய்து அந்த ஒருநாள் லீவைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சுற்றாடல் கழகப் பொறுப்பாசிரியை