கடற்பசுவைப் பசுவோடு சேர்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கடற்பசுக் கட்டுரையில் “பசுவின் வம்சத்தில் வந்து கடலில் குடியேறிய பிராணி” என்று ஒரு வரி. கையிலிருந்த தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாய் திறக்கமுன் பேத்தி அந்தப் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டியும்விட்டாள். பேப்பரில் வந்ததைப் பிழையென்று அப்பப்பா சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

பெயரில் பசு இருந்தால் பசுவாகிவிடுமா? சிங்களத்தில் இதற்குப் பெயர் முகுது ஊரா, அதாவது கடற்பன்றி. அப்போ கொழும்புக் காலி வீதியில் அது பன்றி வம்சம், யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதியில் பசு வம்சமா? குதிரைக்கும் கடற்குதிரைக்கும் என்ன முறை என்று அடுத்த ஞாயிறு எழுதுவீர்களாக்கும்.

1970களில் மன்னாரில் படிப்பித்த காலத்தில், வலையில் சிக்கிச் செத்த கடற்பசு ஒன்றைக் கரையில் கண்டேன். பள்ளிக்கூடப் பக்கமே அதிகம் போகாத வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் செய்த ஒரு வயதான சம்மாட்டி அதன் கைபோன்ற முன்துடுப்பைத் தூக்கிக் காட்டி, “சேர், மாட்டுக்கு மடி பின்னங்காலுக்குள்ள எல்லோ, இதுக்குப் பாருங்கோ, கமக்கட்டுக்குள்ள” என்றார். யானைக்கும் முலை முன்னங்கால்களுக்கிடையில்தான். வளர்ந்த ஆண் கடற்பசுவுக்குத் தந்தம் உண்டு, யானைத் தந்தத்தைப் போலவே அதுவும் நீண்டு வளர்ந்த வெட்டும் பல். பிறகு டி.என்.ஏ. ஒப்பீடும் அதையே சொன்னது. யானை, கடற்பசு, ஆபிரிக்கப் பாறைகளில் திரியும் முயலளவான ஹைராக்ஸ் எல்லாம் ஒரே கிளை. இன்னும் சில ஆபிரிக்க விலங்குகளையும் சேர்த்து அந்தக் கூட்டத்துக்கு அஃப்ரோதீரியா என்று 1998இல் பெயரும் வைத்துவிட்டார்கள். சம்மாட்டி முந்திக்கொண்டார், உங்கள் கட்டுரையாளர் பிந்திவிட்டார்.

பசுவுக்குக் கடலில் சொந்தம் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இருக்கிறது, அது திமிங்கலம். ஆட்டுக்கால் சூப் குடித்தவர்களுக்கு அந்தக் கணுக்கால் எலும்பு தெரியும், இரண்டு முனையும் கிணற்றுக் கப்பி மாதிரி இருக்கும். மாடு, மான், பன்றி, நீர்யானை எல்லாவற்றுக்கும் அந்த இரட்டைக் கப்பிதான். கால் இருந்த காலத்துப் பழைய திமிங்கலங்களின் எச்சங்கள் பாகிஸ்தானில் கிடைத்தபோது அவற்றிலும் அதே எலும்பு இருந்ததை 2001இல் வெளியிட்டார்கள். இன்று உயிரோடிருப்பவற்றில் திமிங்கலத்துக்குக் கிட்டின சொந்தம் நீர்யானை. இதையெல்லாம் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தங்கள் காரியாலயத்தில் யாரோ ஒருவருக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது.

உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கட்டுரை “உருவ ஒற்றுமையைக் கொண்டு” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறது. உருவத்தை நம்பினால் ஓங்கில் என்கிற டொல்பினும் சுறாவும் அண்ணன் தம்பி. தண்ணீரைக் கிழித்து ஓடவேண்டிய எதற்கும் அந்த உடம்பு வந்து சேரும், அதில் வம்சம் தெரியாது. முதுகெலும்பு மாதிரி எல்லாரிடமும் இருக்கும் பழஞ்சொத்தும் உதவாது. ஒரு கிளையில் மட்டும் புதிதாக வந்த மாற்றத்தைத் தேடவேண்டும், அது யார் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். வில்லி ஹென்னிக் என்ற ஜேர்மனியர் 1950இலேயே இதை ஒரு முறையாக எழுதிவைத்துவிட்டார்.

நான் முப்பது வருடம் விடைத்தாள் திருத்தினவன். இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், இரண்டு பேரும் படித்திருப்பார்கள். ஒரே இடத்தில் ஒரே விசித்திரமான பிழையை எழுதினால்தான் பக்கத்து வாங்கைப் பார்க்கவேண்டும். ஏட்டுச்சுவடி ஒப்பிடுகிறவர்களுக்கும் இது தெரியும். ஏடுகளை ஒப்பிட்டுப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை பிறந்த மண்ணில் இதை விளக்கவேண்டி வந்தது என் தலைவிதி. 1990களில் யப்பானிய ஆய்வாளர்கள் திமிங்கலத்தில் பார்த்ததும் இதைத்தான். டி.என்.ஏ.யில் தன்னைத்தானே படியெடுத்து வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் சிறு துண்டுகள் உண்டு. அவற்றில் சில திமிங்கலத்திலும் நீர்யானையிலும் மாட்டிலும் அச்சொட்டாக ஒரே இடத்தில் இருந்தன, ஒட்டகத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரே இடத்தில் ஒரே செருகல் தனித்தனியாக வருவது மிக அரிது, ஒரே மூதாதையிடமிருந்து வந்ததென்றுதான் கொள்ளவேண்டும்.

சரி, இனி உங்கள் கட்டுரையின் வம்சத்துக்கு வருவோம். அதில் “திமிங்களம்” என்று மூன்று இடத்தில் இருக்கிறது. கட்டுரை வர ஒரு கிழமைக்கு முன்னர் கனடாவிலுள்ள மகன் வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு செய்தியிலும் அதே மூன்று இடத்தில் அதே “திமிங்களம்”. அந்தச் செய்தியில் இல்லாத ஒரு பிழையும் உங்களிடம் இருக்கிறது, “நீர்யானை” உங்கள் பக்கத்தில் “நீர்யனை” ஆகிவிட்டது. ஆகவே நீங்கள் தாய்ப் பிரதி அல்ல, பிள்ளைப் பிரதி. போதாததற்குக் கட்டுரை முழுக்கப் “பரிணாமம்”, “பாலூட்டி”. தமிழ்நாட்டில் வழங்கும் நல்ல சொற்கள்தான், குறை சொல்லவில்லை, ஆனால் எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருப்பது கூர்ப்பும் முலையூட்டியும். எந்தக் கரையிலிருந்து வந்து இறங்கிய சரக்கு என்று அந்த இரண்டு சொல்லுமே சொல்லிவிடுகின்றன.

இது முதல்தரமும் அல்ல. மூன்று வருடத்துக்கு முன்னர் வௌவாலைப் “பாலூட்டும் பறவை” என்று போட்டீர்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன், நீங்கள் நாலு வரி போட்டீர்கள், அந்த நாலு வரியும் மரண அறிவித்தல்களுக்கு நடுவில் வந்ததால் என்னை விசாரித்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அதைவிட, என் முதலெழுத்தையும் மாற்றிப் போட்டிருந்தீர்கள். முதலெழுத்து என்பது தகப்பன் பெயர் ஐயா. கடற்பசுவுக்கு முன்னரே என்னையும் வேறொரு வம்சத்தில் சேர்த்துவிட்டீர்கள்.

வருகிற ஞாயிறு அதே மாணவர் பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: கடற்பசுவுக்குக் கிட்டின சொந்தம் யானை, பசு அல்ல. பேத்தியின் கொப்பியில் ஒட்டக்கூடிய அளவில் இருந்தால் நல்லது. என் பெயர் வேண்டாம், போனமுறை பட்டது போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கோண்டாவில்.