கருப்பாக இருப்பதெல்லாம் தலச்சேரி ஆகாது: கோழிப்பண்ணை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்க்கிற ஒருவன் எழுதுகிறேன். போன முறை நீங்கள் தலச்சேரி இன நாட்டுக்கோழி என்று எழுதித் தந்த பெட்டிகளில் எங்களுக்கு வந்தது கலப்புக் குஞ்சுகள் என்பது உங்களுக்குத் தெரியும். குஞ்சு வாங்கியவர்கள் பலர் நேரில் வந்து சொல்லிவிட்டார்கள். ஒருவர் வளர்ந்த சேவலையே காலைக் கட்டி எடுத்துவந்து உங்கள் மேசை முன்னால் வைத்தார். அதற்குக் கிடைத்த பதில், "கருப்பாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மானியம் வேண்டாம், இலவசக் கூண்டும் வேண்டாம். இனம் சுத்தமான தாய்க்கோழியின் குஞ்சு வேண்டும். எந்தச் சேவல், எந்தப் பெட்டைக் கூட்டம் என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான்.

தலச்சேரிக் கோழியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கர்னாலில் இருக்கும் தேசியக் கால்நடை மரபுவள நிறுவனத்தின் பதிவேட்டில் கேரளத்தின் பெயரில் ஏறிய கோழி அது. கருப்பு இறகு, கழுத்திலும் முதுகிலும் வாலிலும் வெயில் பட்டால் நீலமாக ஒரு மினுக்கு, சிவந்த ஒற்றைக் கொண்டை. கண்ணூர், கோழிக்கோடு பக்கம் வீட்டைச் சுற்றிக் கிளறித் தின்றே வளர்ந்த இனம். முட்டைதான் குறி என்றால் பிவி 380 என்ற பண்ணை முட்டைக்கோழியை வாங்கிக் கூண்டில் அடைத்திருப்போமே! எங்களுக்கு வேண்டியது தானே அடை உட்கார்ந்து, தானே குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேய்கிற கோழி.

ஆனால் ஒரு நாள் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு இது தலச்சேரியா என்று எங்களால் சொல்ல முடியாது. ஆஸ்திரேலிய இனமான ஆஸ்ட்ராலார்ப் கலந்ததும் கருப்பு, கொண்டையும் நாக்கும்கூடக் கறுத்த கடக்நாத் கலந்ததும் கருப்பு. பெட்டியில் எல்லாம் ஒரே கூட்டமாகக் கத்திக்கொண்டு அழகாகத்தான் இருக்கும். பல்பு போட்டுச் சூடு காட்டி, கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டு, எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டு, பருந்துக்கும் கீரிக்கும் காவல் இருந்து வளர்க்கிறோம். நாலு மாதம் தாண்டி ஐந்தாவது மாதத்தில்தான் கோழி தன் சாதகத்தைக் காட்டும். எங்கள் வீட்டுச் சேவலுக்குச் சிவக்க வேண்டிய கொண்டை நாவல்பழ நிறத்தில் கறுத்தது. வாயைத் திறந்து பார்த்தேன், நாக்கும் கருப்பு. இன்னொன்றுக்குக் கழுத்தெல்லாம் செம்பட்டை. பக்கத்து வீட்டு வெடைக்கோழி ஒன்று முட்டையை இட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது, அடை என்ற பேச்சே இல்லை.

இதில் தீவனச் செலவு பெரிதில்லை. அதற்குள் அந்தச் சேவல் எங்கள் பெட்டைகளை மிதித்துவிட்டிருக்கும், அதுதான் கொடுமை. இன்றைக்கே அதைப் பிடித்துக் குழம்பு வைத்தாலும், பெட்டை இன்னும் இரண்டு மூன்று வாரத்துக்கு அதன் வித்தோடுதான் முட்டையிடும். இது உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்கள் படித்ததுதான். அந்த முட்டைகளை அடை வைக்க முடியாது, பொரித்துத் தின்னத்தான் முடியும். ஊருக்குள் அங்கொன்று இங்கொன்றாக மிச்சமிருந்த நல்ல பெட்டைகளும் இப்படித்தான் கெட்டன. இனத்தைக் காப்பதற்காக வந்த பெட்டி, இருந்த இனத்தையும் கலைத்துவிட்டுப் போனது.

சரி, சுத்தமான குஞ்சே வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரே சேவலின் பிள்ளைகளை ஒரு பெட்டி நிறையக் கொடுத்து "வளர்த்துப் பெருக்குங்கள்" என்றால் என்ன பெருகும்? கூடப் பிறந்ததையே கூடப் பிறந்ததோடு சேர்த்தால் ஒரே தலைமுறையில் உள்ளினச் சேர்க்கை அளவு, அதாவது ரத்த நெருக்கம், 25 சதவீதம் ஏறிவிடும் என்று மரபியல் கணக்குச் சொல்கிறது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் தகப்பன் ஒன்றுதான், அதனால் வித்துக் கணக்கில் அந்தக் கூட்டம் நாலு கோழிக்குக்கூடச் சமமில்லை. தாத்தா காலத்து ஆட்களுக்குக் கணக்குத் தெரியாது, ஆனாலும் சேவலை மட்டும் வெளியூரிலிருந்து மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை அடைக்கூடையில் பார்க்கலாம். கூமுட்டை கூடும், ஓட்டுக்குள்ளேயே குஞ்சு சாகும், பொரித்ததிலும் சிலது விரல் கோணி நடக்கும்.

அதனால்தான் சீட்டு கேட்கிறோம். என் வீட்டுக்கு ஒரு கூட்டத்துப் பெட்டைகளும் இன்னொரு கூட்டத்துச் சேவலும், பக்கத்து ஊருக்கு மூன்றாவது கூட்டமும் என்று பிரித்துக் கொடுத்தால், எங்களுக்குள்ளேயே சேவலை மாற்றிக்கொண்டு பல வருஷம் ஓட்டிவிடுவோம். உங்களைத் தொந்தரவு செய்யவே வேண்டியதில்லை. எந்தக் கூட்டம் என்றே தெரியாவிட்டால் எதை எதோடு மாற்றுவது?

"இது மலபார்க் கோழி, உங்க ஊர் வெயிலுக்கு ஆகாது" என்றும் ஒருவர் சொன்னார். எங்கள் சித்தூர் தாலுகா அந்தக் காலத்தில் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, மலபார் மாவட்டத்தில் இல்லை, உண்மைதான். கோழிக்கு அந்த வரலாறு தெரியுமா என்பதை அவர்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும். வெயிலுக்கு ஆகாத கோழியை எங்களுக்குப் பெட்டி பெட்டியாக எதற்கு அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்து விசாரிக்கலாம்.

எல்லையில் இருப்பவன் பாடு எப்போதும் இதுதான். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனால் சிறுவிடை, பெருவிடை என்று நல்ல தமிழ்நாட்டு நாட்டுக்கோழி எல்லாம் கிடைக்கிறது, ஆனால் தலச்சேரியை அங்கே யாரும் வைத்திருப்பதில்லை. அந்தப் பக்கத்துத் திட்டத்தில் சேரலாம் என்றால் ஆதாரில் கேரள விலாசம். இந்தப் பக்கம் விண்ணப்பம் முழுக்க மலையாளம், நிரப்பித் தர ஆள் தேட வேண்டும். 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் பறவைக்காய்ச்சல் வந்தபோது சோதனைச்சாவடியில் கோழி வண்டிகளை நிறுத்தினார்கள். நோய் அத்தனை தூரத்தில், சந்தையை இழந்தது நாங்கள். தேர்தல் வந்தால் மட்டும் நோட்டீஸ் நல்ல தமிழில் வருகிறது.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

உங்கள் கண்காட்சிப் பந்தலில் 'பாரம்பரிய இனம் காப்போம்' என்ற பேனரில் ஒரு சேவல் நிற்கிறதே, என்ன அழகு! மார்பை நிமிர்த்திக்கொண்டு, வால் நீலமாக மின்ன, கொண்டை செம்பருத்திச் சிவப்பில். அந்தச் சேவலை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அதன் சித்தப்பா மகன் போதும். சித்தப்பா மகன்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இனி பணிவாகவே கேட்கிறேன். குஞ்சு குறைவாக இருந்தால் குறைவாகவே கொடுங்கள், காத்திருக்கிறோம். கைவசம் சுத்தமான இனம் இல்லையென்றால் பெட்டியில் 'கருப்பு நாட்டுக்கோழி' என்று எழுதுங்கள், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள். தலச்சேரி என்று எழுதினால் எந்தச் சேவல், எந்தக் கூட்டம், பொரித்த தேதி என்ன என்று உடன் ஒரு சீட்டு வையுங்கள், காலில் ஒரு வளையம் மாட்டுங்கள். முடிந்தால் குஞ்சுக்குப் பதிலாக நாலு மாதம் வளர்த்து, கொண்டையும் இறகும் பார்த்துக் கழித்த பிறகு தாருங்கள். விலை கூடுதலானாலும் கொடுக்கிறோம். போன முறை வந்த கலப்புச் சேவல்களுக்குப் பதிலாக வேறு சேவல் தர முடியுமா என்பதையும் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள்.

பதில் தமிழில் வந்தால் நல்லது. மலையாளத்தில் வந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறோம். பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எல்லைப்புறக் கோழி வளர்ப்போன்